கழுவேலி: மரக்காணம் உப்பளக் கரையில் ஓர் அமைதியான சரணாலயம்

விழுப்புரம் மாவட்டத்தின் கடலோரத்தில், வானூர், மரக்காணம் வட்டங்களில் பரந்து கிடக்கும் ஆழமற்ற சதுப்பு ஏரி கழுவேலி. தென்னிந்தியாவில் பழவேற்காட்டுக்கு அடுத்த பெரிய உவர்நீர் ஏரி இதுவே. 2021ஆம் ஆண்டு டிசம்பரில் இதன் 5,151.60 ஹெக்டேர் பரப்பைத் தமிழ்நாடு அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. மாநிலத்தின் 16ஆவது பறவைகள் சரணாலயம் இது. 2024 ஆகஸ்டில், பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது.

காட்டுயிர்களைக் காணப் புறப்படுவோர் மனத்தில் முதலில் தோன்றுவது புலிகள் காப்பகமும் அங்கு ஓடும் ஜீப்பும்தான். முதுமலை, பந்திப்பூர் போன்ற பெயர்பெற்ற இடங்களில் கூட்டம் பெருகிய பிறகு, ஆரவாரமற்ற காப்பகம் ஏதேனும் உண்டா என்று தேடுவோர் தொகை கூடியிருக்கிறது. மரக்காணத்தில் புலி கிடையாது. ஜீப்பில் ஏறிச் சுற்றும் ஏற்பாடும் கிடையாது. ஆயினும் அந்தத் தேடலுக்கு விடையாகக் கூடிய இடங்களில் கழுவேலியும் ஒன்று. சென்னைக்கும் புதுச்சேரிக்கும் நடுவில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டியே இருந்தும், நெடுங்காலம் யாரும் திரும்பிப் பாராத நிலம் அது. இங்கு வருவதற்குப் போடும் பயணத் திட்டம் இந்நிலத்தின் வரலாற்றை அறிந்து போடப்பட்டால்தான் பயன் தரும். மழை எப்போது நிறைக்கிறது, கடல் எவ்வழியே நுழைகிறது, உப்பு எப்போது விளைகிறது என்பதை அறியாமல் வருபவர் வெறும் வெடித்த தரையைப் பார்த்துவிட்டுத் திரும்ப நேரும்.

சஃபாரி: வேட்டையிலிருந்து காட்சிக்கு

சஃபாரி என்பது கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாகிலி மொழிச் சொல். பயணம் என்பது அதன் பொருள். அரபு மொழியின் சஃபர் என்ற சொல் அதன் வேர். தஞ்சைக் கடலோர முஸ்லிம் ஊர்களில், பிழைப்புக்காக வெளிநாடு போனவரைச் 'சபுராளி' என்பார்கள். அதுவும் இதே வேரிலிருந்து வந்ததுதான். ஆங்கிலேயர் இச்சொல்லை 19ஆம் நூற்றாண்டில் எடுத்துக்கொண்டபோது அதற்கு வேட்டைப் பயணம் என்ற பொருள் ஏறிவிட்டது. 1909இல் ஆப்பிரிக்காவுக்குச் சென்ற அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் அவர் மகனும் அந்த ஒரே பயணத்தில் 500க்கும் மேற்பட்ட விலங்குகளைச் சுட்டனர். அருங்காட்சியகத்துக்காக என்று சொல்லிக்கொண்டாலும் எண்ணிக்கை எண்ணிக்கைதான்.

இந்தியாவில் இதே செயலுக்கு 'ஷிகார்' என்று பெயர். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அடுத்த ஆண்டே 9 காப்பகங்களுடன் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியது. தமிழ்நாட்டில் இன்று களக்காடு முண்டந்துறை (1988), ஆனைமலை, முதுமலை (இரண்டும் 2007), சத்தியமங்கலம் (2013), திருவில்லிபுத்தூர் மேகமலை (2021) என ஐந்து புலிகள் காப்பகங்கள் உள்ளன. துப்பாக்கி போய் ஒளிப்படக்கருவி வந்தது நல்ல மாற்றமே. ஆனால் ஒளிப்படக்கருவியோடு ஊர்திகளும் விடுதிகளும் வந்தன. 2012 ஜூலையில் உச்ச நீதிமன்றம் புலிகள் காப்பகங்களின் மையப் பகுதிகளில் சுற்றுலாவையே இடைக்காலமாகத் தடை செய்தது. அக்டோபரில் தேசியப் புலிகள் பாதுகாப்பு ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்ட பின்னர்தான் தடை விலகியது. மையப் பகுதியில் 20 விழுக்காட்டுக்கு மேல் சுற்றுலாவுக்குத் திறக்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று.

தமிழ்நாட்டில் அமைதியான புலிகள் காப்பகம் எது என்று கேட்டால் களக்காடு முண்டந்துறையைச் சொல்வோர் பலர். புலியைப் பார்ப்பதை விட மழைக்காட்டின் ஈரத்தையும் தாமிரவருணியின் ஊற்றுகளையும் பார்ப்பதற்கே அங்கு அதிக வாய்ப்பு. அங்கும் ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் கூடும் கூட்டத்தைக் கண்டவர்கள் 'அமைதி' என்ற சொல்லை யோசித்தே பயன்படுத்துவார்கள். ஓரிடத்தின் அமைதி அதன் இயல்பிலேயே நிலைத்திருப்பதில்லை. எந்த நாளில், எத்தனை பேர், எதற்காக வருகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. மலையிலிருந்து கடற்கரைக்கு இறங்கி வந்தாலும் கணக்கு இதுவே.

முதல் வழிகாட்டி

மரக்காணக் கரைக்கு வழி சொல்லும் நூல் தமிழில் ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பத்துப்பாட்டில் ஒன்றான சிறுபாணாற்றுப்படை, ஓய்மா நாட்டு நல்லியக்கோடனிடம் பரிசில் பெறச் செல்லும் பாணனுக்கு வழி கூறுகிறது. ஆற்றுப்படை என்றாலே வழிப்படுத்துதல்தான்: எந்த ஊர் வழியாகப் போவது, அங்கு எவர் இருப்பர், உண்ண என்ன கிடைக்கும் என்பதையெல்லாம் முன்கூட்டியே சொல்லும் இலக்கிய வகை. இந்நூல் சொல்லும் முதல் ஊர் நெய்தல் நிலத்து எயிற்பட்டினம். அங்கு கடலோர மக்கள் பாணனுக்குக் கள்ளும் சுட்ட மீனும் தருவார்கள். அடுத்து வேலூர், எயினர் வீட்டில் புளியிட்ட சோறும் ஆமான் என்னும் காட்டுப் பசுவின் இறைச்சியும். பின்னர் ஆமூர், உழவர் வீட்டில் வெண்சோறும் நண்டும். இறுதியில் நல்லியக்கோடனின் கிடங்கில், இன்றைய திண்டிவனத்தை ஒட்டிய ஊர்.

எயிற்பட்டினம் இன்றைய மரக்காணமே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட செங்கடல் பயண நூலான பெரிப்ளூசு, சோழமண்டலக் கரையில் கமரா, பொதுகே, சோபட்மா என மூன்று துறைகளைக் குறிக்கிறது. பொதுகே புதுச்சேரி அருகிலுள்ள அரிக்கமேடு என்றும், சோபட்மா மரக்காணம் என்றும் கருதுகின்றனர்.

இப்பாட்டை இயற்றிய புலவரின் பெயர் இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார். மரக்காணத்துக்கு வடக்கே இடைக்கழிநாடு என்ற பெயர் இன்றும் பேரூராட்சியின் பெயராக வழங்குகிறது. கழிகளுக்கு இடையில் அமைந்த நாடு என்று அதற்குப் பொருள். கடலுக்கும் உள்நாட்டுக்கும் நடுவே உப்புநீர்க் கழி ஓடுகின்ற நில அமைப்பு சங்ககாலம் முதல் மாறவில்லை என்பதற்கு இந்த ஊர்ப் பெயரை விடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. கழுவேலி என்ற பெயரும் 'கழிவெளி' என்பதன் திரிபாக இருக்க இடமுண்டு. ஆங்கில வரைபடங்கள் 'கலிவேலி' என எழுதுவது அந்தப் பழைய ஒலிக்கு நெருக்கமானதே.

அப்பாட்டில் வரும் காட்டுப் பசுவைக் கவனிக்க வேண்டும். கடலிலிருந்து ஒருநாள் நடைத் தொலைவிலேயே காடும் அதில் பெருவிலங்கும் இருந்த நிலம் இது. இன்று அந்தக் காட்டின் மிச்சமாக மரக்காணம் காப்புக்காடு போன்ற சில துண்டுகளே எஞ்சியுள்ளன. ஆண்டு முழுதும் பச்சை மாறாத இலைகளையுடைய, ஆனால் வறட்சி தாங்கும் குட்டை மரங்கள் கொண்ட இவ்வகைக் காட்டை வறண்ட பசுமைமாறாக் காடு என்பர். சோழமண்டலக் கரைக்கும் இலங்கைக்கும் உரிய அரிய காட்டு வகை.

உப்பும் கோட்டையும் கால்வாயும்

உப்பு விளையும் நிலத்துக்கு 'அளம்' என்பது பழந்தமிழ்ப் பெயர். சோழர் கல்வெட்டுகளில் பெரிய உப்பளங்கள் 'பேரளம்' எனப்படுகின்றன. மரக்காணத்தின் பூமீசுவரர் கோயில் கல்வெட்டுகள் இவ்வூர் சோழர் காலத்திலும் சிறப்புற்றிருந்ததைக் காட்டுகின்றன. இன்று தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் ஆகியவற்றுக்கு அடுத்துப் பேசப்படும் உப்பளப் பகுதி மரக்காணம். சாலையின் மேற்கே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பாத்திகள் விரிந்து கிடக்கின்றன.

1805இல் சென்னை மாகாணத்தில் உப்பு முழுவதும் கிழக்கிந்தியக் கம்பெனியின் தனியுரிமை ஆயிற்று. பக்கத்திலிருந்த பிரெஞ்சுப் புதுச்சேரியிலிருந்து மலிவு உப்பு வந்துவிடக் கூடாது என்பதற்காக, 1818இல் பிரெஞ்சுக்காரரோடு உடன்படிக்கை செய்து, பணம் கொடுத்து, அவர்கள் பகுதியில் உப்பு விளைவிப்பதையே நிறுத்தினர். மரக்காணத்து உப்பின் மதிப்பு அப்படி.

மரக்காணத்துக்கு வடக்கே கடப்பாக்கம் அருகில், கழிமுகத்தை நோக்கி நிற்கும் ஆலம்பரைக் கோட்டை முகலாயர் ஆட்சிக் காலத்தது. உப்பும் நெய்யும் ஏற்றுமதியான துறைமுகம் அது. நாணயச் சாலையும் அங்கு இருந்தது. 1750இல் முசாபர் ஜங் அதைப் பிரெஞ்சு ஆளுநர் டூப்ளேக்குக் கொடுத்தார். பத்து ஆண்டுகளில், 1760இல், ஆங்கிலப் படை அதைக் கைப்பற்றித் தகர்த்தது. கோட்டைச் சுவரின் இடிந்த முனையில் நின்று பார்த்தால் கழியும் கடலும் சேருமிடம் தெரியும். வரலாறும் பறவையும் ஒருங்கே பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இக்கரையில் இல்லை.

பக்கிங்காம் கால்வாயின் தென்கோடியும் மரக்காணம்தான். 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டப்பட்ட சிறு கால்வாய், அந்நூற்றாண்டின் பிற்பகுதிக்குள் வடக்கே ஆந்திரம் வரையும் தெற்கே மரக்காணம் வரையும் நீண்டது. 1876–78 தாதுவருடப் பஞ்சத்தின்போது பட்டினியில் வாடியவர்களுக்குக் கூலி வேலையாக அதன் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் 1878இல் அதற்கு வந்தது. உப்பும் சவுக்கு விறகும் படகேறிச் சென்னைக்குப் போயின. 1965, 1966ஆம் ஆண்டுப் புயல்கள் கால்வாயைச் சிதைத்தன. படகுப் போக்குவரத்து சிறுகச் சிறுக நின்றது.

நீரின் கணக்கு

கழுவேலியை ஒரே ஏரியாக நினைப்பது பிழை. மூன்று உறுப்புகள் சேர்ந்தது அது. மேற்கே, மழைநீரைத் தாங்கும் அகன்ற தாழ்நிலம். கிழக்கே, கடலோடு சேரும் எடையன்திட்டுக் கழிமுகம். இரண்டையும் இணைக்கும் உப்புநீர் ஓடை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மேற்கிலுள்ள ஊர்களின் ஏரிகள் நிரம்பி, ஒன்றிலிருந்து ஒன்றாக வழிந்து, கடைசியில் கழுவேலியில் வந்து விழும். ஐப்பசி, கார்த்திகையில் இது நன்னீர்ப் பரப்பு. மழை ஓய்ந்ததும் நீர் வற்றத் தொடங்கும். கடலின் ஓதம் ஓடை வழியாக உள்ளே ஏறும். நன்னீரும் உப்புநீரும் கலந்து, இடத்துக்கு இடம் உவர்ப்பு மாறும். சித்திரை, வைகாசியில் பெரும்பகுதி காய்ந்து, மாடுகள் மேயும் வெளியாகிவிடும்.

இந்த ஏற்ற இறக்கமே பறவைகளை இங்கு இழுக்கிறது. ஆழமான ஏரி கரைப்பறவைகளுக்குப் பயன்படாது. நீர் வற்ற வற்ற வெளிப்படும் சேற்றில்தான் புழுவும் நத்தையும் சிறு நண்டும் எட்டும் ஆழத்தில் கிடைக்கும். நீண்ட அலகுடைய கருவால் மூக்கன் ஆழமாகக் குத்தும். குட்டை அலகுடைய உள்ளான் மேற்பரப்பைக் கொத்தும். நெடுங்கால் உள்ளான் நீருக்குள் நடந்து இரை தேடும். ஒரே சேற்றுப் பரப்பு பல அடுக்குக் களஞ்சியமாகிறது. சம்பு அடர்ந்த நன்னீர்ப் பகுதியில் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் தங்கும். கூழைக்கடாக்கள் மீன் திரண்ட மடுக்களைத் தேடி வரும். கழிமுகத்தின் மேல் ஆலாக்கள் பறக்கும்.

உப்பளமும் பறவைகளுக்கு ஒரு புகலிடமே என்பது பலர் அறியாதது. கடல்நீரை முதலில் தேக்கும் பெரிய தேக்கங்களில் உவர்ப்பு குறைவு. அங்கு மீனும் இறால் குஞ்சும் இருக்கும். உவர்ப்பு கூடக் கூட மீன் மறைந்து, அதைத் தாங்கும் நுண்ணுயிர்களே எஞ்சும். பூநாரைகள் தலைகீழாக அலகை நீரில் வைத்து வடிகட்டி உண்பது அவற்றைத்தான். அவற்றின் இளஞ்சிவப்பு நிறமும் அந்த உணவிலிருந்தே வருகிறது. உப்பு படியும் கடைசிப் பாத்திகளில் மீன்கள் வாழா. பூநாரைகள் இக்கரையில் முட்டையிடுவதாகச் சிலர் சொல்வது தவறு. இந்தியாவில் அவை பெருங்கூட்டமாக இனப்பெருக்கம் செய்யும் இடம் குசராத்தின் கட்ச் உவர்நிலம்.

குளிர்காலத்தில் வரும் கரைப்பறவைகளும் வாத்துகளும் மத்திய ஆசிய வழித்தடத்தில் பறந்து வருபவை. சைபீரியா, நடு ஆசியா முதலிய இடங்களில் கோடையில் குஞ்சு பொரித்து, பனி மூடுமுன் தெற்கே கிளம்புகின்றன. திரும்பிச் செல்வதற்கான கொழுப்பைச் சேர்ப்பது மாசி, பங்குனியில், இந்தச் சேற்றில். அந்நாட்களில் அவற்றை ஒருமுறை அஞ்சி எழச் செய்தாலும் சேர்த்த வலிமையில் ஒரு பகுதி வீணாகும். வருபவர் அமைதி காக்க வேண்டும் என்பதற்கு உடலியல் காரணம் இது.

துப்பாக்கியும் வலையும்

மாகாண காலத்தில் ஆங்கில அதிகாரிகளுக்கு உள்ளான் சுடுவது விடுமுறைப் பொழுதுபோக்கு. அதற்கு எதிர்ப்பு எழுந்த கதை மரக்காணத்துக்கு வடமேற்கே வேடந்தாங்கலில் நடந்தது. தங்கள் ஏரிப் பறவைகளைப் படைவீரர்கள் சுடுவதைப் பொறுக்காத ஊரார், செங்கற்பட்டு ஆட்சியர் லயோனல் பிளேசிடம் முறையிட்டு, 1798இல் பாதுகாப்புக்கு எழுத்து ஆணை பெற்றனர். பறவை எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதைத் தவிர்க்கும் வழக்கமும் அங்கு உண்டு.

கழுவேலிக்கு அப்படி ஒரு காவல் வாய்க்கவில்லை. வேடந்தாங்கல் ஓர் ஊரின் ஏரி; ஊராருக்கு அதில் உரிமையும் பயனும் இருந்தன. கழுவேலியோ பல ஊர்களின் எல்லையில், எவருக்கும் முழு உரிமையில்லாத பரப்பு. எல்லார்க்கும் பொதுவானதைக் காப்பவர் எவருமில்லை என்றாயிற்று. வலையும் நஞ்சிட்ட இரையும் துப்பாக்கியும் கொண்டு பறவை பிடித்து விற்பது நெடுங்காலம் நடந்தது. காய்ந்த ஏரிப்படுகையின் ஓரங்கள் வயல்களாயின. 1990களில் இறால் பண்ணைகள் பெருகின. கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு நாகைப் பகுதியிலிருந்து கிளம்பியதுதான் என்றாலும், தமிழ்நாட்டுக் கடற்கரை முழுவதற்கும் அது திருப்புமுனை.

நீரைப் பற்றிய விருப்பங்கள் ஒன்றோடொன்று மோதுபவை என்பதை மறைக்கத் தேவையில்லை. உழவர் உப்புநீர் உள்ளே ஏறாமல் தடுக்க வேண்டும் என்கிறார். உப்பளக்காரருக்கும் இறால் வளர்ப்பவருக்கும் உப்புநீர் தேவை. கழியில் மீன் பிடிப்பவருக்கு இரண்டும் கலந்த நீர் வேண்டும். பறவைக்கு எல்லாம் சிறிது சிறிது வேண்டும். ஒருவரின் விருப்பப்படி மட்டும் மடை கட்டினால் மற்ற மூவரும் இழப்பர்.

1972ஆம் ஆண்டுச் சட்டப்படி, சரணாலயம் அமைக்கும் எண்ணத்தை அறிவித்த பின், அந்நிலத்தில் மக்களுக்குள்ள உரிமைகளை ஆட்சியர் விசாரித்து முடிவு செய்ய வேண்டும். மேய்ச்சலும் மீன்பிடியும் இதில் அடங்கும். பறவையைக் காப்பதற்காகக் கழியை நம்பி வாழ்பவரைப் பகைத்துக்கொண்ட சரணாலயம் எங்கும் நெடுநாள் நிலைத்ததில்லை. வேடந்தாங்கலின் 200 ஆண்டு அனுபவம் அதைத்தான் சொல்கிறது.

கழிமுகத்தின் வாயிலிலும் ஒரு சிக்கல் எழுந்தது. அழகன்குப்பம், ஆலம்பரைக்குப்பம் பகுதியில் மீன்பிடித் துறைமுகம் அமைக்க அரசு திட்டமிட்டது. சீறும் கடலில் படகு நிறுத்த இடமின்றித் தவிக்கும் மீனவருக்குத் துறைமுகம் தேவை என்பதில் ஐயமில்லை. ஆனால் கழியின் வாயில் தூர்வாரிக் கல் கொட்டினால் ஓதம் ஏறி இறங்கும் முறையே மாறும். அதை நம்பித்தான் உள்ளே ஏரி இருக்கிறது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, அத்திட்டத்துக்குத் தரப்பட்ட சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. மறுபுறம், 2023–24ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மரக்காணத்தில் 25 கோடி ரூபாயில் பன்னாட்டுப் பறவைகள் மையம் அமைக்கப்படும் என்ற அறிவிப்பும் வந்தது. யாரும் பாராத இடம் என்ற நிலை மாறப்போவதன் அடையாளம் அது.

பயணத் திட்டம்

மரக்காணம் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 120 கி.மீ.; புதுச்சேரியிலிருந்து சுமார் 35 கி.மீ. தொடர்வண்டியில் வருவோர் திண்டிவனத்தில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 கி.மீ. பேருந்தில் வரலாம். நல்லியக்கோடனின் கிடங்கிலுக்கும் எயிற்பட்டினத்துக்கும் இடையே பாணன் நடந்ததாகச் சொல்லப்படும் வழிக்கு இது எதிர்த்திசைப் பயணம்.

காலம் தேர்வதே முதன்மையானது. நவம்பர், டிசம்பரில் நீர் எங்கும் பரவி நிற்பதால் பறவைகளும் சிதறி நிற்கும்; புயல் அச்சமும் உண்டு. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டியது. மரக்காணத்து உப்பளங்கள் வெள்ளத்தில் மூழ்கின. பொங்கலுக்குப் பின், நீர் சுருங்கச் சுருங்க, பறவைகள் எஞ்சிய நீரைச் சுற்றித் திரளும். தை நடுவிலிருந்து பங்குனி நடு வரை பார்ப்பதற்கு ஏற்ற பருவம். சித்திரையில் பெரும்பாலானவை வடக்கே போய்விடும்.

சூரியன் நிற்கும் திசையை முன்னதாகவே எண்ணிப் பார்ப்பவர் குறைவு. காலையில் கிழக்குக் கரையில் நின்று மேற்கே பார்த்தால் வெயில் முதுகில் விழும். பறவையின் நிறம் தெளிவாகத் தெரியும். மாலையில் அதே இடத்தில் நின்றால் கண்ணைக் கூசும் ஒளியில் எல்லாப் பறவையும் கறுப்பு. மாலையில் செல்வோர் உட்பக்கமாக மேற்குக் கரைக்குப் போவது நல்லது. கழிமுகத்துக்குச் செல்வோர் ஓதம் இறங்கும் நேரத்தை அவ்வூர் மீனவரிடம் கேட்டுக்கொண்டு போகலாம்; சேறு வெளிப்படும் அந்த இரண்டு மூன்று மணி நேரமே கரைப்பறவைகளுக்கு உணவு நேரம்.

சரணாலயத்துக்குள் நுழையச் சட்டப்படி வனத்துறையின் அனுமதி தேவை. சுற்றுலா, ஒளிப்படம், ஆய்வு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மாணவர்களை அழைத்துச் செல்லும் பள்ளிகள் திண்டிவனத்திலுள்ள வனச்சரக அலுவலகத்துக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பது முறை. நடுக்குப்பத்தில் ஆரோவில்லின் பிச்சாண்டிக்குளம் வனத்தினர் இப்பகுதிப் பள்ளி மாணவர்களுக்குச் சுற்றுச்சூழல் கல்வி அளித்து வந்துள்ளனர். அவர்களின் பட்டறிவும் பயன்படும்.

இருகண்ணோக்கி, தொப்பி, குடிநீர், பறவைக் கையேடு போதும். வெள்ளை, சிவப்பு ஆடையைத் தவிர்த்து மண்நிற ஆடை அணிவது நலம். பத்துப் பேருக்கு மேல் ஒரே வரப்பில் நடந்தால் பறவைகள் எழுந்துவிடும். நிழலே இல்லாத வெளி என்பதால் காலை ஒன்பதரைக்குள் பார்த்து முடிப்பதே உடம்புக்கும் ஏற்றது. பறவைகள் தலை தூக்கி ஒரே திசையில் நகரத் தொடங்கினால், வந்தவர் ஏற்கெனவே அதிக நெருக்கத்தில் வந்துவிட்டார் என்று பொருள், நின்றுவிட வேண்டும். ட்ரோன் பறக்கவிடுவது அறவே கூடாது. பறவைக் கண்ணுக்கு அது பருந்து.

உப்பளத்துக்குள் செல்வோர் அங்கு வேலை செய்பவரிடம் கேட்டுவிட்டே இறங்க வேண்டும். பாத்தியின் தரை பலநாள் மிதித்து இறுக்கப்பட்டது. அதில் செருப்புக் காலோடு நடந்தால் சேறு கிளம்பி உப்பு கறுத்துவிடும். அது ஒருவரின் கூலி. விடியுமுன் தொடங்கி, வெயில் ஏறும் வரை பலகையால் உப்பை வாரிக் கரையில் குவிப்பவர்களில் பெண்களும் பலர். அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையால் அவர்களுக்கு வேலை இராது. அந்த மாதங்களுக்காகத் தமிழ்நாடு அரசு 2022 முதல் ஒவ்வொரு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கும் 5,000 ரூபாய் நிவாரணம் வழங்குகிறது. கழுவேலி நிரம்பிப் பறவைகள் வந்திறங்கும் மாதங்களும் உப்பளத்தார் அடுப்பு தளரும் மாதங்களும் ஒன்றே. வழிகாட்டும் பணியை வெளியூர் நிறுவனங்களிடம் விடாமல் இவர்களுக்கும் கழிமீனவருக்கும் பயிற்சி அளித்துக் கொடுத்தால் இரு தரப்புக்கும் நன்மை.

மாணவர்கள் பார்ப்பதோடு நில்லாமல் எண்ணிப் பதிவு செய்யவும் செய்யலாம். ஒவ்வோர் ஆண்டும் தமிழ்நாடு வனத்துறை ஈரநிலப் பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது, தன்னார்வலர்களும் சேர்த்துக்கொள்ளப்படுகின்றனர். பொங்கல் நாட்களில் பறவை ஆர்வலர்கள் நடத்தும் கணக்கெடுப்பில் யாரும் தங்கள் ஊரிலிருந்தே பங்கேற்கலாம். இடம், தேதி, நேரம், பறவையின் பெயர், எண்ணிக்கை ஆகியவற்றோடு நீர்மட்டத்தையும் குறித்துவைப்பது கழுவேலியைப் பொறுத்தவரை மிகத் தேவை. எந்த ஆண்டு எவ்வளவு நீர் இருந்தபோது எத்தனை பறவைகள் வந்தன என்ற குறிப்பு, கழிமுகத்தில் அடுத்து எது கட்டப்படும்போதும் கேட்கப்படும் முதல் கேள்விக்குப் பதிலாக இருக்கும்.